ஓடியவன் குற்றவாளியா?

ஆங்கிலேய நீதிமன்றங்களில் ஒரு காலத்தில் ஜூரிகளிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன. பெருங்குற்றம் சாட்டப்பட்டவன் கூண்டில் நிற்க, இவன் குற்றவாளியா நிரபராதியா என்பது முதல் கேள்வி. குற்றம் சாட்டப்பட்டபின் இவன் ஓடினானா என்பது இரண்டாவது. முதற்கேள்விக்கு நிரபராதி என்று விடை கிடைத்து அவன் தலை தப்பினாலும், இரண்டாவதற்கு ஆம் என்ற விடை வந்துவிட்டால் அவனுடைய அசையும் பொருள்கள் யாவும் அரசருக்குப் போய்ச் சேரும். செய்யாத குற்றத்துக்கு அஞ்சி ஓடியதே தனியொரு குற்றமாக நின்றது.

சட்டம் இப்படியிருந்ததே தவிர ஜூரிகள் அதற்கு உடன்படவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் பெரும் சட்ட ஆசிரியரான பிளாக்ஸ்டன், 1769-இல் வெளிவந்த தம் நான்காம் தொகுதியில், ஓடினான் என்று ஜூரிகள் சொல்வது மிக அரிதாகிவிட்டது என்று பதிவு செய்கிறார். சுதந்திரத்தின்மேல் மனிதனுக்கு இயல்பாக உள்ள பற்றினால் செய்த செயலுக்குச் சொத்து முழுவதையும் பறிப்பது அதிகம் என்று அவர்கள் எண்ணினார்களாம். கண்முன்னே ஓடியவனையும் 'ஓடவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஜூரிகள் வீடு திரும்பினார்கள். 1827-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அந்த இரண்டாவது கேள்வியையே நீக்கிவிட்டது.

நீக்கப்பட்டது கேள்விதான், எண்ணம் நீங்கவில்லை. இன்று அமெரிக்கச் சாலைகளில் போலீஸ் வண்டியின் சிவப்பு விளக்கைக் கண்டும் நிறுத்தாமல் போகிறவன்மீது தொடுக்கப்படும் வழக்கின் உள்ளே அந்தப் பழைய இரண்டாவது கேள்விதான் வேறு உடையில் உட்கார்ந்திருக்கிறது. அது எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்ற கதையில் ஒரு விவிலியப் பழமொழியும், சாராயக் கடத்தல்காரர்களும், ஒரு பிரபுவின் மனைவியும் வருகிறார்கள்.

பழமொழியிலிருந்து தொடங்குவோம். துரத்துவார் இல்லாதபோதும் தீயவன் ஓடுவான், நல்லவனோ சிங்கம்போல் அஞ்சாது நிற்பான் என்ற பொருளில் விவிலியத்தின் நீதிமொழிகள் நூலில் ஒரு வாசகம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆர்கன்சா மாநிலத்துக் கோட்டை நகரமான ஃபோர்ட் ஸ்மித்தில் ஐசக் பார்க்கர் என்றொரு நீதிபதி இருந்தார். 160 பேருக்கு மரண தண்டனை விதித்தவர். அவர்களுள் 79 பேர் தூக்கிலேற்றப்பட்டனர். 'தூக்கு நீதிபதி' என்றே வரலாற்றில் பெயர் பெற்றார். ஆல்பெர்ட்டி என்பவர்மீதான கொலை வழக்கில், ஓடிப்போனது குற்ற உணர்வின் அடையாளம் என்ற வகையில் அவர் ஜூரிக்கு அறிவுரை கூறினார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1896-இல் அந்நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அந்த நீதிமொழியைக் குற்றவியல் சட்டத்தின் விதியாக ஏற்க முடியாது என்று அது வெளிப்படையாகவே எழுதியது. முற்றிலும் நிரபராதியான மனிதனும், தன்மேல் பழி வந்துவிடுமோ என்ற அச்சத்தாலோ, சாட்சி சொல்ல மனமில்லாமலோ ஓடக்கூடும் என்பது அதன் காரணம். பார்க்கர் அதே ஆண்டு நவம்பரில் காலமானார்.

இத்துடன் பழமொழி ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை. அது திரும்பி வருவதைப் பின்னர் பார்ப்போம்.

குதிரையில் ஓடியவனைக் குதிரையில் துரத்தினார்கள், பெரும் வேறுபாடில்லை. மோட்டார் வண்டி வந்தபின்தான் ஓட்டம் என்பது ஓடுகிறவனுக்கும் துரத்துகிறவனுக்கும் இடையிலான தனிப்பட்ட காரியமாக இல்லாமல், சாலையில் போகிற மூன்றாமவனின் உயிர்ப் பிரச்சினையாக மாறியது. 1919-இலேயே, திருடிய காரை மாநில எல்லை கடந்து கொண்டு போவதை மத்திய அரசின் குற்றமாக்கும் டயர் சட்டம் வந்துவிட்டது. எல்லை தாண்டிவிட்டால் உள்ளூர்ப் போலீசால் ஒன்றும் செய்ய முடியாது என்பதைத் திருடர்கள் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

மதுவிலக்குக் காலம் (1920-1933) இந்தக் கலையை வளர்த்தது. மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ராபிட்ஸ் நகருக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையிலான சாலையில் 1921 அக்டோபரில் ஒரு ஓல்ட்ஸ்மொபைல் வண்டியை மதுவிலக்கு அதிகாரிகள் பின்தொடர்ந்து, பாதி வழியில் ஈஸ்ட் லான்சிங் அருகே தவறவிட்டார்கள். டிசம்பர் 15 அன்று அதே வண்டி எதிரே வந்தது. இம்முறை மடக்கி, இருக்கையின் மெத்தையைக் கிழித்துப் பார்த்தபோது 68 புட்டிகள் இருந்தன. வீட்டைச் சோதனையிட வாரண்ட் வேண்டும். வண்டியைச் சோதனையிட வேண்டுமா? வாரண்ட் வாங்கி வருவதற்குள் வண்டி ஓடிவிடும் என்பதே 1925-இல் கரோல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன விடை. நியாயமான முகாந்தரம் இருந்தால் வாரண்ட் இன்றியே சோதனையிடலாம் என்ற விதிவிலக்கு அன்று பிறந்தது. ஓடக்கூடிய பொருள் என்பதாலேயே காருக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு குறைந்துபோயிற்று.

மதுவிலக்கு நீங்கிய பிறகும் தென்மாநில மலைப்பகுதிகளில் வரி செலுத்தாத சாராயம் வண்டியேறிக்கொண்டுதான் இருந்தது. வடகரோலினாவின் ஜூனியர் ஜான்சன் தம் தந்தை காய்ச்சிய சாராயத்தை இரவுகளில் ஓட்டிச் சென்றவர். சாலையில் அவரைப் பிடிக்கவே முடியவில்லை. காய்ச்சும் இடத்தில் வைத்துத்தான் பிடித்தார்கள். 1956-இல் தண்டனை பெற்று ஏறத்தாழ 11 மாதம் சிறையிலிருந்தார். பிறகு நாஸ்கார் பந்தயங்களில் பெரும்புகழ் பெற்றார். 1986 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். போலீசுக்குப் பிடிகொடாமல் வண்டியோட்டுவது ஒரு நாட்டில் ஒரே சமயத்தில் குற்றமாகவும் விளையாட்டாகவும் நாட்டார் கதையாகவும் இருக்க முடிகிறது. அமெரிக்க ஜூரிகள் இத்தகைய வழக்குகளில் அமரும்போது இந்த மூன்றும் அவர்கள் மனத்தில் இருக்கும் என்றே தோன்றுகிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஐம்பது மாநிலங்களுக்கும் ஐம்பது விதமான சட்டம். எல்லாவற்றையும் அலசுவது சலிப்பூட்டும். கலிபோர்னியாவை எடுத்துக்கொண்டாலே விஷயம் விளங்கிவிடும். அம்மாநிலத்து வாகனச் சட்டத்தின் 2800.1 பிரிவு, போலீசிடமிருந்து தப்பும் நோக்கத்துடன் வண்டியோட்டுவதைச் சிறுகுற்றம் என்கிறது. உச்ச தண்டனை ஓராண்டு உள்ளூர்ச் சிறை. ஆனால் வெறுமனே நிறுத்தாமல் போனான் என்று சொன்னால் போதாது. துரத்திய வண்டியின் முன்புறம் ஒரு சிவப்பு விளக்காவது எரிந்திருக்க வேண்டும். அதை ஓட்டுநர் பார்த்திருக்க வேண்டும், அல்லது பார்த்திருக்கக் கூடிய நிலையில் இருந்திருக்க வேண்டும். தேவையான அளவுக்குச் சைரன் ஒலித்திருக்க வேண்டும். வண்டி, போலீஸ் வண்டியென்று தனித்துத் தெரியும் அடையாளங்கள் கொண்டிருக்க வேண்டும். அதை ஓட்டியவர் தனித்துத் தெரியும் சீருடையில் இருக்க வேண்டும். இவை ஒவ்வொன்றையும் அரசுத் தரப்பு ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்க வேண்டும். ஒன்று உதிர்ந்தாலும் வழக்கு உதிரும்.

இதில் 'தனித்துத் தெரியும் அடையாளங்கள்' என்ற சொற்றொடர் அற்பமாகத் தோன்றலாம். 2006-இல் ஹட்சன் வழக்கில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் இதை எடுத்துக்கொண்டு, சிவப்பு விளக்கும் சைரனும் மட்டும் போதாது. அவற்றுக்கு மேலும், பார்த்த மாத்திரத்தில் போலீஸ் வண்டியென்று சாதாரண மனிதர் அறியக்கூடிய ஏதேனும் ஒன்று வண்டியில் இருக்க வேண்டும் என்றது. காரணம் எளிமையானது. சிவப்பு விளக்கும் சைரனும் காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். பின்னால் வருகிறவன் உண்மையிலேயே போலீஸா என்று இருட்டில் ஒருவர் எப்படி அறிவது?

வர்ஜீனியா மாநிலச் சட்டம் இந்த அச்சத்தை நேரடியாகவே எழுதி வைத்திருக்கிறது. தன்னைத் துரத்துபவர் போலீஸ் அல்லாத வேறொருவர் என்று தகுந்த காரணத்துடன் நம்பியதாகக் காட்டினால், அது அங்கே சிறுகுற்றப் பிரிவுக்கு முழுமையான எதிர்வாதம். ஆனால் நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர்மேல் விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கலிபோர்னியாவில் அரசுத் தரப்பு சுமக்கும் பாரத்தின் ஒரு பகுதியை வர்ஜீனியாவில் ஓட்டுநர் சுமக்கிறார். நீதி ஒன்றே என்றாலும் மூட்டை யார் தலையில் என்பதில்தான் வழக்குகள் வெல்வதும் தோற்பதும் நிகழ்கின்றன.

மற்ற எதிர்வாதங்களையும் சொல்லிவிடலாம். வண்டியை ஓட்டியது நானல்லன் என்பது பழையதும் வலுவானதும் ஆகும். ரோந்து வண்டி தவறவிட்டு, எண் பலகையை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால், உரிமையாளர் கிடைப்பார், ஓட்டியவர் கிடைப்பாரா? விளக்கைப் பார்க்கவில்லை, சைரன் கேட்கவில்லை என்பது அடுத்தது. இப்போது ரோந்து வண்டியிலேயே காமிரா இருப்பதால் இது முன்போல் எளிதன்று. பார்த்தேன், ஆனால் தப்பும் நோக்கமில்லை. நிறுத்தப் பாதுகாப்பான இடம் தேடினேன் என்பது மூன்றாவது. இதுவே என் பார்வையில் மனிதத்தன்மை மிக்க எதிர்வாதம். ஆனால் நீதிமன்றத்தை அடைவதற்கு முன்பே இது சாலையில் தோற்றுவிடலாம். 2020 ஜூலையில் ஆர்கன்சா நெடுஞ்சாலையில் ஒரு கர்ப்பிணிப் பெண் வேக வரம்பை மீறியதற்காக நிறுத்தச் சொல்லப்பட்டார். சாலையோரம் குறுகலாக இருக்கவே, வேகத்தைக் குறைத்து, எச்சரிக்கை விளக்குகளை மின்னவிட்டபடி அடுத்த விலகுசாலையை நோக்கிச் சென்றார். அம்மாநில ஓட்டுநர் கையேடு சொல்வதும் ஏறக்குறைய அதுதான். இரண்டு நிமிடங்களுக்குள் ரோந்துக்காவலர் தம் வண்டியின் முனையால் அவர் காரின் பின்பக்கவாட்டில் இடித்தார். கார் கவிழ்ந்தது. அவர் தொடுத்த வழக்கு 2021-இல் சமரசத்தில் முடிந்தது; இவ்வாறு இடித்து நிறுத்தும் உத்தியை எப்போது கையாளலாம் என்ற விதியை மாநிலப் போலீஸ் திருத்திக்கொண்டது.

கலிபோர்னியாவுக்குத் திரும்புவோம். அங்கே 2800.2 பிரிவு, பிறர் உயிருக்கோ உடைமைக்கோ துளியும் மதிப்பளிக்காமல் ஓடினால் அதைப் பெருங்குற்றமாகத் தொடுக்க வழி செய்கிறது. 2800.3 பிரிவின்படி ஓட்டத்தில் யாரேனும் பலத்த காயமுற்றால் 3, 5 அல்லது 7 ஆண்டுகளும், உயிரிழந்தால் 4, 6 அல்லது 10 ஆண்டுகளும் சிறை. இவை தவிர, ஓடும்போது யாராவது இறந்தால் அதைக் கொலை என்றே தொடுக்கலாமா என்ற வினா எழுந்தது. இயல்பிலேயே ஆபத்தான ஒரு பெருங்குற்றத்தைச் செய்கையில் மரணம் நேர்ந்தால், கொல்லும் எண்ணம் இல்லாவிடினும் அது கொலைதான் என்பது பழைய ஆங்கில விதி. போலீசிடமிருந்து காரில் ஓடுவது இயல்பிலேயே ஆபத்தானதா?

ஆமாம், இதில் ஐயமென்ன என்றுதான் யாரும் சொல்வர். 2005-இல் ஹோவர்ட் வழக்கில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. வேடிக்கை என்னவென்றால் இதற்குக் காரணம் சட்டமன்றத்தின் அதீத ஆர்வம். ஓடுபவர்களை எளிதில் தண்டிக்கும் எண்ணத்தில் சட்டமன்றம் 1996-இல் பிரிவை விரித்து, ஓட்டத்தின்போது மூன்று போக்குவரத்து விதிகளை மீறினாலே அது 'துளியும் மதிப்பளிக்காமல்' ஓட்டியதாகும் என்று சேர்த்திருந்தது. அந்த மூன்றில், உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கையில் ஓட்டுவதும், சமிக்ஞை காட்டாமல் வலப்பக்கம் திரும்புவதும் அடங்கும். இவற்றால் யாருக்கும் உயிராபத்து நேராமலும் இருக்கலாமே! ஆகவே அந்தக் குற்றம் இயல்பிலேயே ஆபத்தானதன்று. அந்த வழியில் பெற்ற கொலைத் தண்டனை நிற்காது. வலையை அகலமாக விரித்ததில் கண்ணிகள் பெரிதாகிப் பெரிய மீன் நழுவிவிட்டது. (கொல்லும் அளவுக்கு அலட்சியம் இருந்தது என்று தனியே நிரூபித்தால் கொலைத் தண்டனை வாங்க இன்றும் தடையில்லை.)

இதுவரை பேசியது ஓடியவன்மீதான வழக்கு. ஆனால் அமெரிக்க வரலாற்றில் புகழ்பெற்ற துரத்தல்கள் இரண்டிலும் ஓடியதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. 1991 மார்ச் 3 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நெடுஞ்சாலையில் ராட்னி கிங் ஓடியதற்குக் காரணம், பரோலில் இருந்த தாம் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் மீண்டும் சிறை செல்ல நேரும் என்பது. துரத்தி நிறுத்தியபின் அவருக்கு விழுந்த அடிகளை ஒருவர் தம் வீட்டிலிருந்து ஒளிப்பதிவு செய்தார். கிங் சில நாட்களில் வழக்கேதும் இன்றி விடுவிக்கப்பட்டார். அடித்த காவலர்கள் 1992 ஏப்ரல் 29 அன்று விடுதலையானபோது நகரம் எரிந்தது. 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரண்டாண்டு கழித்து, 1994 ஜூன் 17 அன்று, ஓ.ஜே.சிம்ப்சன் பின்னிருக்கையில் அமர்ந்திருக்க அவர் நண்பர் ஓட்டிய வெள்ளை ஃபோர்ட் ப்ராங்கோவை ஏறத்தாழ 9.5 கோடிப் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அந்த வண்டியில் கடவுச்சீட்டும் ஒட்டுத்தாடியும் இருந்தன. ஓட்டிய நண்பர்மீதான புகார், போதிய சான்றில்லை என்று கைவிடப்பட்டது. இதைவிட வியப்பானது, கொலை வழக்கில் அரசுத் தரப்பு அந்த ஓட்டத்தைச் சான்றாக ஜூரி முன் வைக்கவேயில்லை என்பது. உலகமே பார்த்ததை அந்தப் பன்னிருவருக்குக் காட்டவில்லை. ஓடியது குற்ற உணர்வாலா, துயரத்தாலா என்ற வாதத்தில் சிக்க அவர்கள் விரும்பவில்லை போலும். 1896-இன் ஆல்பெர்ட்டி தீர்ப்பு எழுப்பிய ஐயம் அவ்வளவு நீண்ட நிழலைக் கொண்டது.

துரத்துகிறவர்களின் பொறுப்பு என்ன? பழைய பொதுச்சட்டத்தில் ஓடும் பெருங்குற்றவாளியைக் கொல்லலாம். அக்காலத்தில் பெருங்குற்றங்கள் அனைத்துக்கும் ஏறக்குறைய மரணமே தண்டனை என்பதால், பின்னர் நடக்கவிருப்பது முன்னரே நடந்ததாக அவர்கள் கொண்டார்கள். 1974-இல் மெம்பிஸ் நகரில், வேலியேறித் தப்ப முயன்ற 15 வயதுச் சிறுவனைக் காவலர் பின்னாலிருந்து சுட்டுக் கொன்றார். அவனிடம் கிடைத்தவை ஒரு கைப்பையும் 10 டாலரும். அவன் கையில் ஆயுதமில்லை என்று காவலருக்கே ஏறக்குறைய உறுதியாகத் தெரிந்திருந்தது. 1985-இல் கார்னர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய விதியை முறித்தது. ஓடுகிறான் என்பதற்காக மட்டும் சுடக்கூடாது. அவனால் பிறருக்குக் கடுமையான ஆபத்து என்று நம்பக் காரணம் வேண்டும் என்றது.

கார் ஓட்டுபவர்களுக்கு இத்தீர்ப்பு எவ்வளவு பயன்பட்டது? மிகக் குறைவு. ஏனெனில் ஓடும் காரே ஓர் ஆயுதம் என்று வாதிட முடிந்தது. 1990-இல் சாக்ரமெண்டோவில் 18 வயது இளைஞன் ஒருவன் ஓட்டிய மோட்டார் சைக்கிளைத் துரத்திய ரோந்து வண்டி, பின்னால் அமர்ந்திருந்த 16 வயதுப் பையனை மோதிக் கொன்றது. துரத்தல் நீடித்தது 75 வினாடிகள். கடந்த தூரம் 1.3 மைல். ஓட்டியவனல்ல, உடன் சென்றவன் இறந்தான். 1998-இல் உச்ச நீதிமன்றம், காவலர் வேண்டுமென்றே தீங்கு செய்ய எண்ணியிருந்தால் ஒழிய, மனசாட்சியை அதிரவைக்கும் அளவு நடத்தை இருந்தால் ஒழிய, அரசியல் சட்டப்படி இழப்பீடு இல்லை என்றது. அவ்வளவு உயரத்தில் வைத்த அளவுகோலைத் தாண்டுவது அரிது.

பிறகு வந்தது ஒளிப்பதிவு. 2001 மார்ச் மாதம் ஜார்ஜியா மாநிலத்தில், 55 மைல் வரம்புள்ள சாலையில் 73 மைல் வேகத்தில் சென்ற 19 வயது இளைஞன் நிறுத்தாமல் ஓடினான். ஆறு நிமிடம், பத்து மைலுக்குச் சற்றுக் குறைவு. இறுதியில் ஷெரீப் துறையின் உதவிக் காவலர் தம் வண்டியால் பின்னாலிருந்து முட்ட, கார் சரிவில் உருண்டது. இளைஞன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தான். கீழ்நீதிமன்றம் வழக்கை ஜூரிக்கு அனுப்பலாம் என்றது. 2007 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் 8-1 என்ற கணக்கில் மறுத்தது. நீதிபதி ஸ்கலியா, ரோந்து வண்டிக் காமிராப் பதிவே போதும், பார்த்தவர் எவருக்கும் இளைஞனின் கதையை நம்ப இயலாது என்ற போக்கில் எழுதினார். தீர்ப்புடன் அந்தப் பதிவை நீதிமன்றத்தின் இணையத்தளத்திலும் ஏற்றினார்கள். அதுவரை அவ்வாறு நிகழ்ந்ததில்லை.

மறுத்தவர் ஒரே ஒருவர், 87 வயதான ஸ்டீவன்ஸ். அவருடைய மாறுபட்ட தீர்ப்பு படிக்கத் தகுந்தது. ஓரமாக ஒதுங்கி நின்ற கார்கள் இளைஞனுக்குப் பயந்து ஒதுங்கியவையல்ல. ஆம்புலன்ஸுக்கு ஒதுங்குவதுபோலச் சைரனுக்கு ஒதுங்கியவை என்கிறார். தம் சக நீதிபதிகள், இருவழிச் சாலைகளில் வேகமாக ஓட்டிப் பழகிய தலைமுறையினராக இருந்திருந்தால் இவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார்கள் என்று ஓர் அடிக்குறிப்பில் குத்துகிறார். ஜூரியாக எட்டு நீதிபதிகளே உட்கார்ந்துவிட்டார்கள் என்பது அவர் ஆதங்கம். கஹான் உள்ளிட்ட மூன்று சட்ட அறிஞர்கள் அப்பதிவை ஏறத்தாழ 1,350 அமெரிக்கர்களுக்குக் காட்டி, 2009-இல் ஹார்வர்ட் சட்ட இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரும்பான்மையினர் நீதிமன்றத்துடன் ஒத்துப்போனார்கள். ஆனால் இனம், வருவாய், அரசியல் சார்பு இவற்றால் வேறுபட்ட சில பிரிவினர் அதே படத்தில் வேறொன்றைக் கண்டார்கள். 'பார்த்தவர் எவரும்' என்ற சொல்லுக்குள் எவரெவர் அடங்கவில்லை என்பதை அந்த ஆய்வு காட்டியது. என்னளவில் ஸ்டீவன்ஸின் பக்கமே நியாயம் என்று படுகிறது. இளைஞன் செய்தது சரியென்பதால் அல்ல; எண் பலகை தெரிந்துவிட்டபின் துரத்தியே ஆக வேண்டுமா என்பது பன்னிரண்டு பேர் கூடிப் பேச வேண்டிய கேள்வி என்பதால். 1996 முதல் 2015 வரை துரத்தல் விபத்துகளில் ஆண்டுக்குச் சராசரி 355 பேர் இறந்ததாக நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு கணக்கிட்டிருக்கிறது.

பழமொழி திரும்பியதைச் சொல்வதாகக் கூறியிருந்தேன். 1991-இல் ஹோடாரி என்ற இளைஞன் வழக்கில் அதே ஸ்கலியா, போலீசைக் கண்டு ஓடுவது ஐயத்துக்கு உரியதே என்பதற்கு ஓர் அடிக்குறிப்பில் அந்த நீதிமொழியைக் காட்டினார். 1896-இல் வாசல்வழியே துரத்தப்பட்டது சன்னல்வழியே வந்துவிட்டது. 2000-இல் வார்ட்லோ வழக்கில், குற்றம் மிகுந்த பகுதியில் போலீசைக் கண்டதும் காரணமின்றி ஓடினால் நிறுத்தி விசாரிக்கலாம் என்று 5-4 கணக்கில் தீர்ப்பானபோது, எதிர்த்து எழுதிய ஸ்டீவன்ஸ் அதே நீதிமொழிகள் நூலிலிருந்தே மற்றொன்றை எடுத்துக் காட்டினார். விவேகி ஆபத்தைக் கண்டு ஒளிந்துகொள்வான் என்பது அதன் கருத்து. 2016-இல் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்று, பாஸ்டனில் ஒரு கறுப்பின இளைஞர் போலீசைக் கண்டு ஓடுவது, அடிக்கடி நிறுத்தப்படும் அவமானத்தைத் தவிர்க்கவும் இருக்கலாம் என்றது.

இனிப் பிரபுவின் மனைவி. 2014 ஜூலையில் நியூ மெக்சிகோவின் ஆல்பகர்க்கியில், காரில் அமர்ந்திருந்த ஒரு பெண்ணை நோக்கி இரு காவலர்கள் வந்தார்கள். கார் பறிப்பவர்கள் என்று நினைத்து அவர் ஓட்டிப்போனார். 13 தோட்டாக்கள் பாய்ந்தன; இரண்டு அவர்மேல் பட்டன. அப்படியே ஓட்டிச் சென்று, வேறொரு காரை எடுத்துக்கொண்டு 75 மைல் தள்ளி ஒரு மருத்துவமனையை அடைந்தார். சுடப்பட்டும் தப்பிவிட்டவரைக் காவலர் 'பிடித்ததாக' கொள்ளலாமா? பிடிக்கவில்லையென்றால் நான்காம் திருத்தம் பேசவே இடமில்லை. 2021-இல் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் 400 ஆண்டு பின்னே போனார். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ரட்லண்ட் பிரபுவின் மனைவியைக் கடனுக்காகக் கைது செய்த சேவகர்கள், தம் அதிகாரத் தண்டத்தால் அவர் உடலைத் தொட்டு, கைது செய்கிறோம் என்றார்கள். தொட்டதே கைது. தண்டத்தின் நுனி தொட்டாலும், தோட்டாவின் நுனி தொட்டாலும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே என்றார் ராபர்ட்ஸ். 5-3 கணக்கில் பெண் வென்றார். இந்த வெற்றி வழக்கைத் தொடரும் உரிமை மட்டுமே. போலீசிடமிருந்து ஆபத்தான முறையில் ஓடியது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளை அவர் ஏற்கெனவே எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டிருந்தார்.

2025 மே 15 அன்று வந்தது பார்ன்ஸ் தீர்ப்பு. 2016-இல் ஹூஸ்டன் அருகே, வாடகைக் கார் ஒன்றின்மேல் சுங்கக் கட்டண நிலுவை இருந்ததால் ஓர் இளைஞர் நிறுத்தப்பட்டார். அவர் காரை நகர்த்தியதும் காவலர் கதவோரப் படியில் தாவி ஏறி, சில வினாடிகளுக்குள் இருமுறை சுட்டார். இளைஞர் இறந்தார். கீழ்நீதிமன்றங்கள், சுட்ட அந்தக் கணத்தில் காவலர் உயிருக்கு ஆபத்து இருந்ததா என்பதை மட்டும் பார்த்து வழக்கைத் தள்ளின. நீதிபதி கேகன் எழுதிய ஒருமனதான தீர்ப்பு, ஒரு கணத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பார்க்கக் கூடாது. முன்னே நடந்த அனைத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்றது. ஆனால் ஓடும் காரில் தாவி ஏறி ஆபத்தைத் தானே வரவழைத்துக்கொண்ட காவலர் அந்த ஆபத்தைக் காரணம் காட்டலாமா என்ற வினாவைத் தொடாமல், வழக்கைக் கீழே திருப்பி அனுப்பிவிட்டது. ஒருமனதாகச் சேர்ந்த நால்வர், கவனோவின் தலைமையில், நிறுத்தச் சொல்லியும் ஓடுகிறவர்களால் காவலர் எதிர்கொள்ளும் ஆபத்துகளைப் பற்றித் தனியே ஒரு குறிப்பும் எழுதி இணைத்தார்கள்.